விரல் நுனிக்குத் தெரியாதது

ஆகஸ்ட் 30, 1987
மோன்டானா

எமெட்டுக்கு,

சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதைத் தெரிந்தவன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

டாரில் இந்த வருஷம் மலைக்குப் போகிறானாம். எல்க் மான் வேட்டை திறக்கிற அன்றைக்கே, அதே கெல்லி முகட்டுக்கு, அவன் அப்பாவின் அதே துப்பாக்கியோடு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "போறேம்மா" என்கிறான். அவ்வளவுதான் பேச்சு. ஹார்லன் போனதிலிருந்து அந்தப் பையன் வாயில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம்.

அந்தப் பழைய அளவுத் தோட்டா இப்போது கடைக்கு வருவதில்லை. பழைய பித்தளைக் கூடுகள் ஹார்லனின் கொட்டகையில் ஒரு வாளி நிறையக் கிடக்கின்றன. நானே வெடிமருந்து போட்டு அடைத்துக் கொடுக்கப் போகிறேன். என் பிள்ளை கையில் இருக்கும் தோட்டா இனி என் கையால் ஆனதாக இருக்கட்டும். மருந்தை நிறுக்கத் தெரியும், குண்டைப் பொருத்தத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊசி குத்தினதும் மருந்துக்குத் தீ வைக்கிற அந்தச் சின்ன ப்ரைமரைக் கூட்டின் அடியில் அழுத்தி உட்கார வைக்கும் கருவிதான் இல்லை. இருந்ததை இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் ஓடையில் வீசிவிட்டேன். ஏன் வீசினேன் என்று உனக்குத் தெரியும்.

விலைப்பட்டியலில் கடைக்காரன் மூன்று வகை போட்டிருக்கிறான். கையில் பிடித்துக் கிடுக்கி மாதிரி அமுக்குவது ஒன்று. மேசையில் திருகி வைத்து நீளமான கைப்பிடியை இழுப்பது ஒன்று. பெரிய யந்திரத்திலேயே மாட்டிக்கொள்வது இன்னொன்று. நான் ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவள்தான், ஆனால் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். மூன்றுமே உலகத்திலேயே சிறந்தது என்று அவன் எழுதியிருக்கிறான். எதை வாங்குவது? ஊரில் யாரையும் கேட்க மாட்டேன். கேட்டால் ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

போனில் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

வெர்லா


செப்டம்பர் 8, 1987
யூமா, அரிசோனா

அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். உறையைப் பிரிக்காமல் வேன் வீட்டுப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வேன்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, வருமான வரியா?" என்றார். "அதைவிடப் பெருசு, எங்க அண்ணி" என்றேன்.

சரி, கருவி.

பெரிய யந்திரத்தில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். காளை மாட்டை வைத்துப் பொத்தான் தைக்கிற கதை அது. அதன் பலத்துக்கு ப்ரைமர் உட்கார்ந்ததா நசுங்கியதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

கைக்கருவி நல்லது. ப்ரைமர் கூட்டின் அடித்தளத்தைத் தொடும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன நிறுத்தம் தெரியும், ரொட்டி மாவுக்குள் விரல் போய்ப் பலகையைத் தொடுவது போல. அதற்குப் பிறகு ஒரு துளி அழுத்தினால் போதும். ப்ரைமரை மொத்தமாகக் கொட்டி வைக்கிற தட்டு உள்ள கருவி வாங்காதீர்கள். ஒவ்வொன்றாக வைக்கிறதை வாங்குங்கள். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் தட்டு.

மேசையில் திருகி வைக்கிறதும் நல்லதுதான். ஆனால் அதை நான் சொன்னால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

ஒவ்வொரு கூடும் முடிந்ததும் அடியில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். ப்ரைமர் கூட்டின் விளிம்பைவிட ஒரு முடியளவு உள்ளே இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் துப்பாக்கி ஊசியின் முதல் குத்து அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிவிடும், தீ பிடிக்காது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது.

டாரில் எப்படி இருக்கிறான்? என்னைப் பற்றி ஏதாவது

பரவாயில்லை, விடுங்கள்.

எமெட்


செப்டம்பர் 19, 1987

எமெட்டுக்கு,

கைக்கருவி வந்தது. நீ சொன்ன அந்த நிறுத்தம் தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கட்டைவிரல் மூட்டு உனக்குத் தெரியாது. பத்துக் கூடு முடிப்பதற்குள் பால் கறக்க முடியாதபடி வீங்கிவிடுகிறது. இரண்டு தரம் ப்ரைமரைக் கோணலாக உட்கார வைத்துவிட்டேன். மூட்டு வலியில் எது ப்ரைமரின் நிறுத்தம், எது என் எலும்பின் நிறுத்தம் என்று பிரித்துத் தெரியவில்லை.

விரல் நுனியை ஓட்டிப் பார் என்று எனக்குப் பாடம் எழுதுகிறாயே. நீ ஓட்டிப் பார்த்தாயா? அந்த வருஷம் ஹார்லனுக்கு முதுகுவலி. நீ அவர் மேசையில் உட்கார்ந்து அவர் கருவியில் அவருக்கு அடைத்துக் கொடுத்தாய். வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பட் பட்டென்று இழுத்துக்கொண்டு. நான்தான் உனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். இறுதிச் சடங்கன்று தேவாலயத்துச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் "உன் கைத்தோட்டாதான் அவரைத் தின்னுச்சு" என்றேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சாப்பிடாமல் போனாய். ஒரு மாதத்தில் ஊரைவிட்டே போனாய். குற்றமில்லாதவன் அப்படியா போவான்?

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் குளிர் இறுகுகிற நேரத்தில், பூட்ஸ் கழற்றும் அறையில் துப்பாக்கி அலமாரிப் பக்கமிருந்து சத்தம் வருகிறது. டக். கொஞ்சம் விட்டு, டக். அவன் அப்பா செத்த அன்றைக்கு டாரில் சொன்னது போலவே. அவன் கீழே குதிரைகளோடு நின்றிருந்தான். பனியில் எல்லாம் உறைந்து ஓசையற்றுக் கிடந்ததால் தெளிவாகக் கேட்டதாம். கரடி எழுந்து நின்று உறுமியது, ஒரு டக், துப்பாக்கியின் போல்ட்டைத் தூக்கி இறக்குகிற சத்தம், மறுபடி ஒரு டக். அப்புறம் அவன் அப்பாவின் குரல். நான் அங்கே இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்கிறது. போய்ப் பார்த்தால் அலமாரி பூட்டியபடி இருக்கிறது.

பார்த்தாயா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

வெர்லா


செப்டம்பர் 26, 1987
யூமா

அண்ணிக்கு,

பார்த்தேன். ஒவ்வொன்றையும் விரலால் பார்த்தேன். பந்தாட்டத்தில் எங்கள் ஆட்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள், கேட்கப் பிடிக்காமல் அதிலேயே கவனமாக இருந்தேன். என் வார்த்தையை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

உங்கள் மூட்டுக்கு மேசைக்கருவிதான் சரி. கைப்பிடியைத் தள்ளுவது உள்ளங்கை, கட்டைவிரலுக்கு வேலையில்லை. உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நல்ல குளிர் விழுகிற அன்று துப்பாக்கியை இராத்திரி முழுக்க வெளித் தாழ்வாரத்தில் வையுங்கள். டாரில் எப்படி வைத்திருக்கிறானோ அப்படியே, துடைக்காமல். விடிந்ததும், மருந்தும் குண்டும் இல்லாத வெறும் கூட்டில் நீங்கள் நன்றாக உட்கார வைத்த ப்ரைமர் ஒன்றைப் போட்டு, வைக்கோல் போரைப் பார்த்துச் சுட்டுப் பாருங்கள். டாரில் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

இங்கே குளிரே கிடையாது. அதற்காகத்தான் வந்தேன். ஆனால் பகல் வெயிலில் சூடான என் தகரக் கூரை அந்தி சாய்ந்ததும் ஆறும்போது ஒரு சத்தம் போடும். டக். இரண்டாவது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரும்.

எமெட்


அக்டோபர் 5, 1987

எமெட்,

நேற்று வாளித் தண்ணீரில் ஒரு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. துப்பாக்கியை வெளியே வைத்திருந்தேன். டாரில் வேலி கட்டப் போனதும் எடுத்தேன். நான் உட்கார வைத்த கூடு, விரலால் மூன்று தரம் பார்த்த கூடு. வைக்கோலைப் பார்த்து விசையை இழுத்தேன்.

டக்.

எமெட், அது என் வீட்டில் விடியற்காலையில் கேட்கிற அதே சத்தம். கனமில்லாத, சோம்பேறிச் சத்தம். போல்ட்டைத் தூக்கி இறக்கி மறுபடி இழுத்தேன். மறுபடியும் டக்.

ஊசி இருக்கிற போல்ட்டைக் கழற்றி ரொட்டி அடுப்பின் கதவுப் பக்கம் வைத்தேன். காப்பி குடித்து முடிக்கிற நேரம். எடுத்துப் போய் அதே கூட்டையே சுட்டேன். வெடித்தது.

உள்ளே பார்த்தேன். ஊசியைச் சுற்றிக் கறுப்பாக, தேன் போல, பிசுபிசுவென்று எண்ணெய். குளிரில் இறுகி ஊசியின் கையைப் பிடித்து நிறுத்துகிற எண்ணெய். டிராக்டர் பல்சக்கரத்துக்கு ஊற்றுகிற தகர டின் எண்ணெய்.

பிறகு இன்னொரு கூட்டை எடுத்து மறுபடி குளிர வைத்து இரண்டு தரம் குத்தவிட்டு, ஷெரீப் என்னிடம் திருப்பிக் கொடுத்த ஹார்லனின் வெடிக்காத தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரிப் பள்ளம். அம்மைத் தழும்பு மாதிரி ஆழமில்லாத பள்ளம். உன் ப்ரைமர் விளிம்புக்கு ஒரு முடியளவு உள்ளேதான் இருக்கிறது. இரண்டு வருஷமாக என் தையல் பெட்டியில் இருந்திருக்கிறது. ஒரு தரம்கூட விரலை ஓட்டிப் பார்க்கவில்லை நான்.

அந்தத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு இலையுதிர் காலமும் எண்ணெய் போடுகிறது யார் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அது டாரிலின் வேலை. "இரும்பைத் தாகமா விடாதேடா" என்பார் ஹார்லன். அந்த வருஷம் சின்னப் புட்டி எண்ணெய் தீர்ந்து போயிருந்தது. பிள்ளை அப்பாவுக்குக் குறை வைக்கக் கூடாதென்று டின்னைத் தேடி எடுத்திருக்கிறது.

நீ தெரிந்துகொண்டுதான் நின்றாயா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு?

மத்தியானம் ஓடைக்குப் போனேன். நான் வீசிய கருவியைத் தேடினேன். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதே வகை மேசைக்கருவிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

வெர்லா


அக்டோபர் 10, 1987
யூமா

அண்ணி,

இரண்டு டக். அதிலேதான் எனக்குத் தெரிந்தது.

ப்ரைமர் துருத்திக்கொண்டிருந்திருந்தால் முதல் குத்து அதை உள்ளே தள்ளும், இரண்டாவது குத்தில் பெரும்பாலும் வெடித்துவிடும். தோட்டா அடைக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். ஷெரீப் அலுவலகத்தில் டாரில், "ரெண்டு தடவை கேட்டுச்சு, சித்தப்பா" என்று சொன்னானே, அப்போதே குற்றம் என் தோட்டாவில் இல்லை என்று தெரிந்துவிட்டது. அவன் சட்டைக் கையில் அந்தக் கறுப்பு எண்ணெய் இருந்தது. முந்தின நாள் துப்பாக்கிக்குப் போட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அதனால்தான் நீங்கள் என்னைச் சொன்னபோது வாய் திறக்கவில்லை. யார் மேலாவது விழத்தான் வேண்டும் என்றால் என் மேல் விழட்டும். எனக்கு என்ன, பெண்டாட்டியா பிள்ளையா? கொழுந்தன் ஒருத்தன் கெட்டவனாக இருந்தால் ஒரு வீடு தாங்கும்.

அவனிடம் சொல்லாதீர்கள். போல்ட்டைப் பெட்ரோலில் கழுவி, உலர வைத்துக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் டின்னை ஒளித்து வையுங்கள். பழி என்னிடமே இருக்கட்டும், பழகிவிட்டது.

எமெட்


அக்டோபர் 15, 1987

எமெட்,

உன் வேன் முகாம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆமாம், நான்தான். "எமெட்டா? அவரு ஆத்துக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரும்மா, ரெண்டு நாளாகும்" என்றாள் ஒருத்தி. அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். போல்ட்டைக் கழுவினேன், துடைத்தேன், மாட்டி வைத்தேன். டின்னைக் கோழிக்கூட்டில் ஒளித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டாரில் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தான்.

"யாரும்மா இதைத் துடைச்சது?"

"நான்தான்."

"வறண்டு கெடக்கு."

"கெடக்கட்டும்."

வெளியே போனான். கொட்டகை விளக்கு எரிந்தது. திரும்பி வந்தபோது கையில் வேறொரு டின். கொட்டகையில் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தேனே, நான் ஒரு முட்டாள். மேசையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றினான். என்னால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு கூட்டையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். இது அப்பாவோடது, இது போன வாரம் நான் குத்தினது என்றேன். இரண்டையும் பார்த்தான். கையில் எடுக்கவில்லை.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"எண்ணெய்தான். அப்பாவை அடக்கம் பண்ற அன்னைக்குக் காலையிலேயே தெரிஞ்சு போச்சு. டிராக்டர் கியர் வெறைச்சுப் போய் நகர மாட்டேன்னுச்சு பாரு, அன்னைக்கு."

"தெரிஞ்சுகிட்டேவா மறுபடியும் அதையே போடுறே?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சத்தமில்லாமல், சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னான். "அப்பாவுக்கு என்ன கெடைச்சுதோ அதே எனக்கும் கெடைக்கட்டும்னு நெனைச்சேன். அதே மலை, அதே துப்பாக்கி. கரடி வந்தா வருது, வராட்டி போவுது."

எமெட், இருபத்தாறு வயது ஆளைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் நகரவில்லை. அப்புறம் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் அவன் நகரவில்லை. "சித்தப்பா பேரைச் சொல்லித் திட்டினியே, அப்ப நான் வாயைத் தொறந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னான். "அவரு தெறப்பாருன்னு பார்த்தேன். அவரும் தெறக்கல."

நான் நல்ல ப்ரைமர் கருவி தேடிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை மலைக்கு எதற்காகப் போகிறான் என்று தெரியாமல் தோட்டாவைத் தடவிக்கொண்டிருந்தேன்.

போல்ட் இப்போது என் ஏப்ரன் பைக்குள் இருக்கிறது. படுக்கும்போதும் எடுப்பதில்லை. ஆனால் துப்பாக்கியை நான் பூட்டினால் அவன் வெறுங்கையோடு போவான். என் பேச்சுக்கு அவன் நிற்க மாட்டான். வேட்டை இருபத்தைந்தாம் தேதி திறக்கிறது.

நீ வா. கேட்கிறேன். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. உனக்குத் தெரியும்.

வெர்லா


அக்டோபர் 20, 1987
உட்டாவில் ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து

அண்ணி,

நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிட்டேன். வண்டியின் ரேடியேட்டர் வாயைப் பிளந்துவிட்டது, ஒரு நாள் இங்கே போகும். நடந்தாவது வந்து சேர்வேன். நான் நேரத்துக்கு வராவிட்டால் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள், குதிரைகளை அவிழ்த்து விரட்டிவிடுங்கள்.

அவனுக்குக் குடை பிடிக்கிறேன் என்று நினைத்தேன். இரண்டு வருஷமும் பிள்ளை நனைந்துகொண்டு நின்றிருக்கிறான்.

ஊருக்கு வருவது பயமாக இருக்கிறது. இங்கே ஏற்கெனவே குளிர்கிறது.

எமெட்


அக்டோபர் 25, 1987, ஞாயிறு காலை

எமெட்,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ மேலே இருக்கிறாய். இறங்கி வந்தால் கையில் கொடுப்பேன். சும்மா உட்கார முடியவில்லை. பெருக்கினேன், மாவு பிசைந்தேன், அதுவும் தீர்ந்துவிட்டது.

நீ வந்த அன்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒட்டுக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், என் வீடு, என் ஜன்னல்.

"வந்துட்டியா சித்தப்பா" என்றான் அவன்.

"வந்துட்டேன்டா. யூமாவுல வெயில் சலிச்சுப் போச்சு."

"பொய்."

"பொய்தான். ரெண்டு வருஷமா அதுதான்டா எனக்கு உத்தியோகம். இன்னையோட ராஜினாமா."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. பனிமூட்டத்தில் முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் பேசினீர்கள். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டேன். உள்ளே வந்ததும் அவன் என்னிடம் கையை நீட்டினான். போல்ட்டைக் கொடுத்தேன். அவனே பெட்ரோலில் கழுவினான், ஊசியை என் பழைய உள்பாவாடைத் துணியில் துடைத்தான், உலர்ந்ததா என்று உதட்டில் வைத்துப் பார்த்தான். "வறண்டு கெடக்கும்மா" என்றான். இந்தத் தடவை அது குறை சொல்வதாக இல்லை.

ஆனாலும் போக வேண்டும் என்றான். தடுக்காதே என்று நீ கண்ணைக் காட்டினாய். தடுக்கவில்லை. புது மேசைக்கருவியில் நான் அடைத்த தோட்டாக்களை அவன் பையில் போட்டேன். நல்ல கருவி. வாங்கச் சொன்னபோதே வாங்கியிருக்கலாம்.

நீங்கள் குதிரை ஏறிப் போனதும் பூட்ஸ் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வீட்டில் இல்லை. அலமாரி திறந்து, காலியாகக் கிடந்தது. அப்போதும் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக். என் முதுகுக்குப் பின்னாலேயே. நான் திரும்பவில்லை. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னேன்: "இங்க என்னங்க பண்றீங்க? புள்ள மேல போயிருக்கான். அவன்கூடப் போங்க." கதவு சாத்தியிருந்தது. ஆனால் என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு ஒரு குளிர் வெளியே போனது.

காலை வெயில் மலையில் பாதி தூரம் இறங்கி வந்த நேரம். தாழ்வாரத்தில் நின்றேன். மேலேயிருந்து வெடிச்சத்தம் வந்தது. முழுச் சத்தம். பள்ளத்தாக்கு வாங்கி, எதிர் மலைக்குக் கொடுத்து, அது திருப்பிக் கொடுத்த சத்தம். எல்க்கா, கரடியா, வெறும் வானத்தையா, தெரியாது. ஹார்லனுக்கு வரவேண்டிய சத்தம் அது. அவர் பிள்ளைக்கு வந்தது.

இன்னொன்று வருமா என்று நின்றேன். காது வலிக்கிற வரை நின்றேன். வரவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் விறகு வெடிக்கவில்லை, கூரையிலிருந்து பனி சறுக்கவில்லை, அலமாரிப் பக்கமும் ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இது வெறும் வீடாக இருக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை. இப்போது எனக்கு இது பிடிக்கவில்லை, எமெட். ரொம்ப அமைதியாக இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கி வா.

வெர்லா